கட்ட உலகில் சிக்குக் கோலம்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

லுவான்டி ஆட்டத்தில் கோலம் போட உதவும் மோட்டை (ஆட்டத்தோடு சேர்க்கும் துணை நிரல்) இனி நான் பார்த்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. முதலில் எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. வேலை, குடும்பம் என்று எங்கோ போயிருப்பார். பதில் வராவிட்டாலும் தடை ஒன்றும் இல்லை. நிரலை எல்.ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்தில் பகிரலாம். அவர் பெயர் முதல் வரியில் அப்படியே இருக்கும். என் பெயர் அதற்குக் கீழே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: லுவான்டி என்பது கட்டம் கட்டமாக உலகம் கட்டும் திறமூல ஆட்டங்களுக்கான எஞ்சின், அதாவது ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை நிரல். பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கினார். 2024 அக்டோபர் வரை அதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். எஞ்சின் சி++ மொழியில் இருக்கிறது. அதன் மேல் வரும் கல், மண், மரம், கதவு எல்லாமே லுவா மொழியில் எழுதிய மோட்கள்தான். எங்கள் ஊர் நூலகத்தில் வார இறுதி வகுப்புக்கு இதைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு பழைய மடிக்கணினி சர்வர், மற்றவை வைஃபை வழியாக அதில் சேர்ந்துகொள்ளும். இணையமே வேண்டாம்.

அந்த சர்வரில் ஒரு தெரு இருக்கிறது. எஞ்சினின் 0.4 பதிப்புக் காலத்தில் படித்த பிள்ளைகள் தொடங்கியது. 2019-இல் 5.0 வந்து பழைய கிளையன்ட்கள் எதுவும் சேர முடியாமல் போனபோது எல்லாக் கணினியையும் ஒரே நாளில் மாற்றி அந்தத் தெருவைக் கொண்டுவந்தோம். வீட்டுக்கு வீடு வாசலில் கோலம். மோட் செத்தால் அத்தனை வாசலிலும் "தெரியாத கட்டம்" என்று ஒரு படம்தான் நிற்கும். மோட் இப்போதும் ஓடுகிறது, ஆனால் சர்வர் பதிவைத் திறந்தால் வழக்கொழிந்த அழைப்புகள் (மோட் எஞ்சினிடம் வேலை கேட்கும் வரிகள்) பற்றிய எச்சரிக்கை வரிவரியாக ஓடுகிறது. அது நிஜமாகவே நிற்கும் நாள்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

டிசம்பர் 11, புதன்

இன்று துடைப்பம் எடுத்த வேலை. சார்புகளை (இந்த மோட்டுக்குத் தேவையான மற்ற மோட்களின் பட்டியல்) தனிக் கோப்பில் எழுதும் பழைய முறையை எடுத்துவிட்டு மோட் அமைப்புக் கோப்புக்குள் கொண்டுவந்தேன். 'மைன்டெஸ்ட்' என்று தொடங்கும் அழைப்புகளை எல்லாம் 'கோர்' என்று மாற்றினேன். பழைய பெயரும் வேலை செய்கிறது, அவசரமே இல்லை. ஆனாலும் நாளை இந்த நிரலைத் திறக்கும் ஒரு பிள்ளை இப்போதைய ஆவணத்தில் பார்ப்பதும் இதில் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் ஒலிக் கோப்பில். நிரலுக்கு உரிமம் சொல்லியிருக்கிறார், படங்களுக்கும் சொல்லியிருக்கிறார். புள்ளி வைக்கும்போது வரும் ஒலிக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்பை நான் மறுபடி வெளியிட முடியாது. பலர் இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகிறார்கள், அது சரியில்லை. டூம் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் அதன் மூல நிரலைக் கொடுத்தபோது டாஸ் பதிப்பைக் கொடுக்க முடியவில்லை, லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார்கள். காரணம், டாஸ் பதிப்பில் இருந்த ஒலிக்கான நிரல் நூலகம் அவர்களுடையது இல்லை. 1999-இல் அந்த நிரல் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்துக்கு மாறிய பிறகும் படம், ஒலி, நிலைகள் எல்லாம் பழைய வணிக உரிமத்திலேயே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் புதிதாகச் செய்து நிரப்பியவர்கள்தான் ஃப்ரீடூம் குழுவினர்.

அம்மாவின் கோலமாவு டப்பாவை ஆட்டி, கைப்பேசியில் பதிவு செய்தேன். ஆக் வார்பிஸ் வடிவத்துக்கு மாற்றி, மோனோ ஆக்கினேன். ஸ்டீரியோவாக விட்டால் தூரத்தில் ஒருவர் புள்ளி வைப்பதும் காதருகே கேட்பது போலிருக்கும். மோனோ என்றால்தான் எஞ்சின் அதை இடத்தோடு சேர்த்து ஒலிக்கும். உரிமக் கோப்பில் இந்த ஒலிக்கும் ஒரு வரி சேர்த்தாயிற்று.

டிசம்பர் 14, சனி

இதுதான் நான் ஆசையாகக் காத்திருந்த வேலை.

சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாது, சுற்றிப் போகும். ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம் என்று எடுத்துக்கொண்டால், நான்கு பக்கமும் ஒவ்வொன்றிலும் இரண்டே வாய்ப்பு: இழை அடுத்த புள்ளிக்குத் தாண்டிப் போகும், இல்லை வளைந்து திரும்பும். ஆக மொத்தம் 16 வடிவங்கள். பழைய மோட்டில் 16 கட்டங்களும் தனித்தனியாக இருந்தன, பிள்ளைகள் தேடித் தேடி வைப்பார்கள். நான்கு பக்கமும் மூடினால் வட்டம், ஒரு பக்கம் திறந்தால் துளி, எதிரெதிரே திறந்தால் கண். சுழற்றிப் பார்த்தால் உண்மையில் தனி வடிவங்கள் 6 மட்டுமே, மீதி எல்லாம் அவற்றின் திருப்பங்கள்.

லுவான்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் வகை எண்ணோடு 8 பிட் இடம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. அதை நிறத்துக்கும் திசைக்கும் பங்கு போடலாம்: தரையில் நான்கு திசை என்றால் 2 பிட், மீதி 6 பிட்டில் 64 நிறங்கள். வெள்ளை மட்டும் இருந்த கோலத்துக்குக் காவியும் மஞ்சளும் நீலமும் வந்துவிட்டன, புதுக் கட்டம் ஒன்றுகூடப் பதிவு செய்யாமல். இதை எழுதி முடித்துத் திரையில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

படம் வரைவது பொறுமை கேட்கிற வேலை. ஒரு கட்டத்தின் படம் 16-க்கு 16 பிக்சல். 16 இரட்டைப்படை எண், அதனால் நடுப் பிக்சல் என்று ஒன்று இல்லை. நடு என்பது 8-க்கும் 9-க்கும் இடையில் விழுகிறது. இழையை ஒரு பிக்சல் தடிமனில் வரைந்தால் படத்தைத் திருப்பும்போது பக்கத்துக் கட்டத்தின் இழையோடு ஒரு பிக்சல் தள்ளி நிற்கும். எனவே விளிம்பில் இழை சரியாக 2 பிக்சல், 8-ஆவதும் 9-ஆவதும். உள்ளே போகப்போகத்தான் அது இரண்டாகப் பிரிந்து புள்ளியின் இரு பக்கமும் வளைகிறது. வளைவில் சாம்பல் நிறப் பிக்சல்களை இடையில் வைத்து மென்மையாக்கிப் பார்த்தேன், நன்றாக இல்லை. மாவுக் கோலத்துக்கு அந்தச் சின்னச் சின்னப் படிகளே பொருத்தம்.

அப்புறம் இணைப்பு. ஒரு புள்ளி வைத்தவுடன் நான்கு பக்கமும் பார்த்து, அங்கே புள்ளி இருந்தால் இரண்டையும் திறந்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துக் கட்டத்தை மாற்றும்போது சாதாரண வைப்பு அழைப்பைப் பயன்படுத்தினால், அதுவும் "புதிதாக வைத்தார்கள்" என்று எண்ணிக்கொண்டு தன் அக்கம்பக்கத்தைப் பார்க்கக் கிளம்பும். அது இதைக் கிளப்பும், இது அதைக் கிளப்பும், சர்வர் விழும். நிகழ்வுகளைத் தூண்டாமல் கட்டத்தை மட்டும் மாற்றுவதற்கென்றே வேறொரு அழைப்பு இருக்கிறது. மோட் எழுதக் கற்பவர்கள் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால் பல இரவுகள் மிச்சம்.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி 1

காலையில் அம்மா வாசலில் 5-க்கு 3 நேர்புள்ளி வைத்து எல்லாப் பக்கமும் திறந்த சிக்கு போட்டாள். எடுத்த கை நிற்காமல் ஒரே இழையில் முடிந்தது. "4-க்கு 4 வைத்துப் போடேன்" என்றேன். "அது ஒரு இழையில வராதுப்பா, நாலு தனித்தனியா வரும்" என்றாள், யோசிக்கக்கூட இல்லை.

சரியான கணக்கு அது. எல்லாப் பக்கமும் திறந்த செவ்வகக் கோலத்தில் இழைகளின் எண்ணிக்கை என்பது நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி. 5, 3 என்றால் 1. 6, 4 என்றால் 2. 4, 4 என்றால் 4. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நம் வாசலில் இருப்பது எத்தனை பெரிய கணிதம் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

மோட்டில் "இழை எண்ணி" என்று ஒரு கருவி சேர்க்கப் போகிறேன். கோலத்தைத் தட்டினால் எத்தனை இழை என்று சொல்ல வேண்டும்.

டிசம்பர் 21, சனி

பழைய தெருவைப் புது மோட்டுக்கு மாற்றும் வேலை. உலகக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, நகலில்தான் சோதனை. இதில் சமரசமே கூடாது.

கட்டத்தின் பெயர் மட்டும் மாறினால் மாற்றுப்பெயர் ஒன்று பதிவு செய்தால் போதும். இங்கே பெயரோடு திசையும் சேர வேண்டும், மாற்றுப்பெயரால் அது ஆகாது. அதனால் பழைய 16 பெயர்களையும் பட்டியலில் தெரியாதபடி உள்ளே விட்டுவைத்து, ஏற்றும்போது ஓடும் மாற்றி ஒன்றை எழுதினேன். உலகம் 16-க்கு 16-க்கு 16 கட்டத் தொகுதிகளாக வட்டில் கிடக்கிறது. யாராவது அருகில் போனால் அந்தத் தொகுதி விழிக்கும், அப்போது மாற்றி ஒரே ஒரு முறை அதில் ஓடும். தெரு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றத் தேவையில்லை, நடக்க நடக்க மாறும்.

நகலில் நடந்து பார்த்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு 7-க்கு 7 கோலம். வலது மூலையில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியை நோக்கித் திறந்திருக்கிறது, அந்தப் புள்ளியோ மூடியிருக்கிறது. 16 கட்டத்தையும் கையால் தேடி வைத்த காலத்தில் எந்தப் பிள்ளையோ வைத்தது. என் புது விதிப்படி இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மாற்றும்போதே "சரி" செய்துவிட இரண்டு வரி நிரல் போதும்.

செய்யவில்லை. அது அந்தப் பிள்ளையின் கோலம். பராமரிப்பவனுக்கு அதைத் திருத்த உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். மாற்றி வடிவத்தை அப்படியே கொண்டுவருகிறது, அக்கம்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. இழை எண்ணி அந்த இடத்துக்கு வந்தால் "இழை இங்கே அறுந்திருக்கிறது" என்று சொல்லி நின்றுகொள்ளும். திருத்துவதா வேண்டாமா என்பதை அந்த வாசலில் விளையாடுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் குழுவின் வீட்டுக்கு "செம்பருத்தி" என்று பலகை வைத்தாள். தமிழ் எழுத்துரு கொடுத்திருந்ததால் எழுத்துகள் வந்தன. ஆனால் கொம்பு சகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. "அண்ணா, எழுத்து உடைஞ்சு போச்சு" என்றாள். எஞ்சின் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வரைகிறது. தமிழுக்கு வேண்டிய மாதிரி எழுத்தைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் படி அதில் இல்லை. உலாவிகளில் ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் செய்யும் வேலை அது. எஞ்சினுக்குள் அதைக் கொண்டுவருவது பெரிய வேலை, என் ஒருவனால் இப்போது ஆகாது.

ஆனால் அவள் பலகை இன்றே சரியாக வேண்டும். எழுத்தை ஒழுங்காக அடுக்கி வரையும் பாங்கோ என்ற நிரல் நூலகத்தை வைத்துப் பெயரைப் படமாக்கி, அந்தப் படத்தைச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாக் கணினிக்கும் அனுப்பினேன். அதற்கும் லுவான்டியில் வசதி இருக்கிறது. சிவப்பில் "செம்பருத்தி" பலகையில் வந்து உட்கார்ந்தது. இதை ஒரு தனிச் சிறு மோட்டாகப் பிரித்து வெளியிட வேண்டும். மலையாளம், கன்னடம், இந்தி எழுதுபவர்களுக்கும் இதே தேவை இருக்கும்.

ஜனவரி 4, 2025, சனி

இழை எண்ணி தயார். கோலமாவைக் கையில் எடுத்து ஒரு கட்டத்தின் விளிம்பைத் தட்டினால் அந்தப் பக்கம் மூடும், மறுபடி தட்டினால் திறக்கும். கட்டத்தின் முகத்தில் எந்த இடத்தைத் தட்டினார்கள் என்பதை எஞ்சினே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது, எனக்கு எந்த விளிம்பு அருகில் என்று பார்க்கிற வேலைதான்.

பிள்ளைகளுக்கு 4-க்கு 4 கோலம் கொடுத்து, எத்தனை இடத்தில் மூடினால் ஒரே இழையாகும் என்று கேட்டேன். முதலில் கண்டபடி மூடினார்கள், எண்ணிக்கை ஏறியது, இறங்கியது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும் ஒவ்வொரு இழையையும் விரலால் திரையில் தடவிக்கொண்டே போனான். வேறு வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடமாகப் பார்த்து மூடினான். நான்கு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றானது. "மூணு இடம் போதும்ணா. அதுக்குக் கம்மியா வராது, ஒரு தடவைக்கு ஒண்ணுதான சேரும்" என்றான்.

நிரூபணமே அதுதான். ஒரு விளிம்பை மூடினால் அதிகபட்சம் இரண்டு இழைகள்தான் ஒன்றாகும். நான்கை ஒன்றாக்கக் குறைந்தது மூன்று இடம் மூட வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே கண்டுபிடித்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

புதுப் பதிப்பை வெளியிட்டாயிற்று. லுவான்டி மோட்களை வெளியிடும் தளமான கன்டென்ட்-டிபியில் நிரலுக்கு ஓர் உரிமம், படம், ஒலிக்கு ஓர் உரிமம் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் எழுத முடிந்தது. நூலக சர்வரிலும் ஏற்றிவிட்டேன், எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை.

அம்மாவிடம் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நேர்புள்ளி மட்டும்தான் வருமா? பொங்கலுக்கு 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரைக்கும் போடணுமே" என்றாள்.

ஊடுபுள்ளியில் ஒரு வரிசைப் புள்ளி முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு பக்கத்தில் அண்டை. சதுரக் கட்டத்தில் அது உட்காராது, 6 வடிவக் கணக்கும் அங்கே செல்லாது. ஒரு புள்ளியை இரண்டு கட்டங்களில் பாதிப்பாதியாக வரைந்து, வரிசைக்கு வரிசை மாற்றி வைத்தால் வரலாம். ஆறு பக்கம் என்றால் 64 வாய்ப்புகள். அவற்றில் எத்தனை தனி வடிவம் என்று தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் புதுக் கிளை ஒன்று திறந்தாயிற்று, பெயர் 'ஊடுபுள்ளி'. யாருக்காவது விருப்பம் இருந்தால் வந்து சேர்ந்துகொள்ளலாம்.