27 டிகிரியில் ஏழு மாதம்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு புரதம். மனித செல்லில் இருக்கும் ஒரு கைனேஸ் நொதியின் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றுகிற வகை) வினைபுரியும் பகுதி, அவ்வளவுதான். அதை ஈ.கோலை பாக்டீரியாவில் எடுக்க ஆய்வின் முதல் ஆண்டு முழுக்கப் போராடினேன். 37 டிகிரியில் வளர்த்தேன், 25-க்கு இறக்கினேன், 16 டிகிரியில் ராத்திரி முழுக்க ஆட்டினேன். எப்படி வளர்த்தாலும், செல்லை உடைத்துச் சுழற்றியதும் புரதம் மொத்தமும் குழாயின் அடியில் வெள்ளைக் கட்டியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே தெளிந்த நீரில் தேடினால் ஒன்றும் இருக்காது. புரதம் உருவாகிறது, ஆனால் சரியாக மடியவில்லை. "பூச்சி செல்லுக்குப் போயிடும்மா, இனிமே இதுல நேரத்தை விடாதே" என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் அதற்குமுன் யாரும் பூச்சி செல் வளர்த்ததில்லை. கேட்டுக் கேட்டு, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து ஆய்வகத்தில் ஒரு குப்பி எஸ்.எஃப்.9 செல் கொடுத்தார்கள். பெயரைத் தேடிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எஸ்.எஃப். என்றால் ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா. அமெரிக்கன் படைப்புழு. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பருவத்திலேயே எங்கள் பெரம்பலூர் பக்கத்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்ற அதே பூச்சி. எங்கள் வயலிலும் குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சமும் நடுவில் புழுவுமாக இருக்கும். அதன் கூட்டுப்புழுவின் சூலகத் திசுவிலிருந்து 1970-களிலேயே அமெரிக்காவில் ஒரு செல் வரிசை எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து பிரித்த ஒரு குளோன்தான் எஸ்.எஃப்.9.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அந்தப் புழுவின் செல்லில் ஒரு வைரஸை விட்டு, வைரஸ் மூலமாக எனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய வைக்கப்போகிறேன் என்று. அவர் கேட்டது ஒரே கேள்வி. "பருத்தியில காய்ப்புழுவுக்கு அடிப்போமே என்.பி.வி., அந்த மாதிரியா? புழு கிளை நுனியில ஏறித் தலைகீழாத் தொங்கும், தொட்டா தண்ணியா ஒழுகும், அதுவா?" அதேதான். அந்த வைரஸின் குடும்பம்தான். பேக்குலோவைரஸ் என்பார்கள். ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்துவதன் சுருக்கப் பெயர் ஏ.சி.எம்.என்.பி.வி.

வேலையின் அடிப்படையை எனக்கு விளங்க வைத்ததே அப்பா சொன்ன அந்தத் தொங்கும் புழுதான். புழு செத்து ஒழுகும்போது வைரஸ் இலையில் விழுகிறது. அடுத்த புழு வந்து தின்னும்வரை அது வெயிலிலும் காற்றிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காக பாலிஹெட்ரின் என்ற புரதத்தைக் குவியல் குவியலாகச் செய்து, படிகம் கட்டி, அதற்குள் தன்னைப் புதைத்துக்கொள்கிறது. தொற்றின் கடைசிக் கட்டத்தில் செல்லின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல்கூட இது ஒன்றே இருக்கும். ஆனால் குடுவைக்குள் வெயிலும் இல்லை, இலையும் இல்லை. வைரஸ் ஒரு செல்லிலிருந்து மொட்டுவிட்டு வெளியே வந்து அடுத்த செல்லுக்கு நேராகப் போய்விடும். அங்கே பாலிஹெட்ரின் தேவையே இல்லை. அந்த மரபணுவை எடுத்துவிட்டு, அதை இயக்கும் வலுவான முன்னியக்கியின் பின்னால் நம் மரபணுவை வைத்தால், அந்த உற்பத்தி வேகம் நமக்குக் கிடைக்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கேல் ஸ்மித், மேக்ஸ் சம்மர்ஸ், ஃபிரேசர் மூவரும் 1983-ல் இதைத்தான் செய்து மனித பீட்டா இன்டர்ஃபெரானை எடுத்துக் காட்டினார்கள். இரண்டே ஆண்டில் ஜப்பானில் பட்டுப்புழுவையும் அதன் வைரஸையும் வைத்து ஆல்ஃபா இன்டர்ஃபெரான் எடுத்துவிட்டார்கள். அந்தத் தாள்களைப் படித்த ராத்திரிகளில்தான் எனக்கு இதன்மேல் உண்மையான ஈர்ப்பு வந்தது.

இப்போது பெரும்பாலும் யாரும் வைரஸ் டி.என்.ஏ.வை நேரடியாக வெட்டி ஒட்டுவதில்லை. வைரஸின் முழு டி.என்.ஏ.வையும், சுமார் 1,34,000 கார இணைகள், ஈ.கோலைக்குள் ஒரு பெரிய வளையமாக வளர்க்கலாம். அதன் பெயர் பாக்மிட். நம் மரபணு உள்ள சிறிய பிளாஸ்மிடை (குட்டி டி.என்.ஏ. வளையம்) அந்த பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அது தானாகப் பாக்மிடில் போய்ச் செருகிக்கொள்ளும். செருகியிருந்தால் தட்டில் அந்தக் காலனி வெள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் நீலம்.

என் முதல் தவறு இங்கேதான். மறுநாள் காலையிலேயே தட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. சந்தோஷத்தில் ஆறு காலனியைக் குத்தி எடுத்து வளர்த்து, டி.என்.ஏ. பிரித்து, செருகும் இடத்தை மட்டும் நகலெடுத்து நீளம் பார்க்க பி.சி.ஆர். வைத்தேன். செருகல் ஏறாத பாக்மிடுக்கு 300 கார இணை நீளத்தில் பட்டை விழும். என்னுடையது 3,300 பக்கம் விழ வேண்டும். ஆறிலும் 300. நீலம் தெளிவாக ஏற 48 மணி நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. தூக்கிப் போடாமல் வைத்திருந்த தட்டை இரண்டாம் நாள் மாலை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி நீலம். நடுவே பத்துப் பன்னிரண்டு மட்டும் பால் மாதிரி வெள்ளை. அவற்றைப் புதுத் தட்டில் மறுபடி கோடு இழுத்து, இன்னொரு 48 மணி நேரம் பொறுத்து எடுத்தேன். நாலில் மூன்று சரியாக இருந்தன. பாக்மிட் நீளமான டி.என்.ஏ., சுலபத்தில் அறுந்துவிடும். சுழற்றிக் கலக்காதீர்கள், உறைய வைத்து உருக்காதீர்கள்.

பிறகு செல். முழுதாக நான்கு மாதம் இதில்தான் போனது, வருத்தமும் இல்லை.

எஸ்.எஃப்.9-க்கு 27 டிகிரி வேண்டும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். கேட்க எளிதாக இருக்கும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்ற மட்டும்தான் தெரியும். நம் ஊர் மே மாதத்தில் அறையே 34 டிகிரி இருக்கும்போது 27-க்குக் குளிரூட்டவும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்த பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்றை ஓரமாக இடம்பிடித்து வைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி மின்சாரம் போய், ஜெனரேட்டர் இணைப்பில் அந்தச் சுவிட்ச் இல்லாமல் போயிருக்கிறது. திங்கள் காலை வந்து பார்த்தபோது உள்ளே 33. நுண்ணோக்கியில் செல்கள் நீண்டு, ஒட்டிக்கொண்டு, திட்டுத் திட்டாகக் கிடந்தன. டிரிப்பான் புளூ போட்டு எண்ணினால் பாதிக்கு மேல் நீலம், அதாவது செத்தவை. திரவ நைட்ரஜனில் வைத்திருந்த குப்பியை எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து விடுமுறை நாளிலும் ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவேன்.

நல்ல எஸ்.எஃப்.9 பார்க்க வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். உருண்டை, ஓரம் பளபளப்பு, ஒரே அளவு. ஒரு நாளில் இரட்டிப்பாகும். உயிரோடு இருப்பவை 95 சதவீதத்துக்குக் கீழே போனால் எந்தச் சோதனையும் தொடங்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வைரஸ் வரவில்லை, புரதம் வரவில்லை என்று என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வைரஸில் இல்லை, சோர்ந்துபோன செல்லில்தான் இருந்தது.

பாக்மிடைக் கொழுப்புக் கலவையோடு சேர்த்து ஆறு குழித் தட்டில் செல்லுக்கு ஊட்டினேன். ஐந்து மணி நேரம் கழித்து வளர்ப்புக் கரைசலை மாற்றினேன். அப்புறம் காத்திருப்பு. இரண்டாம் நாள் வித்தியாசம் தெரியவில்லை. நான்காம் நாள் பார்த்தால் செல்கள் பருத்திருந்தன. உட்கரு வீங்கிக் கிட்டத்தட்ட செல்லையே நிறைத்திருந்தது. உள்ளே பொடி மணல் தூவிய மாதிரி இருந்தது. வைரஸ் வந்துவிட்டது. நான் படிகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், புத்தகப் படங்களில் அதுதானே இருக்கும். ஆனால் பாலிஹெட்ரினைத்தான் எடுத்துவிட்டோமே, படிகம் வராது. செல்லின் பருமனைப் பாருங்கள். தட்டில் பெருகுவது நிற்பதைப் பாருங்கள்.

மேலே நின்ற நீர்தான் பி1, அதாவது முதல் சுற்று வைரஸ். அதைப் பெருக்கும்போது கணக்கு முக்கியம். 50 மில்லிலிட்டரில் மில்லிக்கு 20 லட்சம் செல் என்றால் மொத்தம் 10 கோடி. பத்துச் செல்லுக்கு ஒரு வைரஸ் வீதம் ஒரு கோடி வேண்டும். வைரஸ் மில்லிக்கு 50 லட்சம் இருந்தால் 2 மில்லி போதும். குறைவாக விட்டால்தான் நல்ல வைரஸ் வரும். அதிகமாகக் கொட்டியும், பி3, பி4, பி5 என்று தொடர்ந்தும் பெருக்கினால் டி.என்.ஏ.வில் பெரும்பகுதியை இழந்த குறை வைரஸ்கள் கூட்டத்தில் மிஞ்சிவிடும். அவை முழு வைரஸின் முதுகில் ஏறிப் பெருகும், நம் மரபணு காணாமல் போகும். எனக்கு பி5-ல் புரதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இப்போது பி2-வோடு நிறுத்திக்கொள்கிறேன். தொற்றுச் செல்லைத் தொட்ட கையோடு சுத்தமான செல்லைத் தொடவே கூடாது. காலையில் சுத்தமானது, மாலையில் வைரஸ் என்று பிரித்துக்கொண்டேன். இந்த வைரஸ் மனிதரில் பெருகாது, அந்தப் பயம் வேண்டாம். ஒரு துளி தெறித்தாலும் நம் செல் வரிசை மொத்தமும் போய்விடும், அதுதான் கவலை.

ஏழாம் மாதம் ஒரு லிட்டர் வளர்த்து, 24, 48, 72, 96 மணி நேரத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தேன். 48-ல்தான் பட்டை தடிமன். 72-க்குப் பின் செல் உடைய உடைய, நொதிகள் புரதத்தைத் தின்னத் தொடங்கிவிட்டன. செல்லை உடைத்துச் சுழற்றி, தெளிந்த நீரை, என் புரதத்தை மட்டும் பிடித்துவைக்கும் நிக்கல் குழாயில் ஊற்றினேன். அதில் பிடிபட்டதை ஜெல்லில் ஓட்டி, ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டே இருந்தேன். முதலில் மொத்தமும் நீலம். மெல்ல மெல்லப் பின்னணி வெளுக்க, நான்காவது, ஐந்தாவது கோட்டில் என் புரதத்தின் எடையான 35 கிலோடால்டன் பக்கம் ஒரு பட்டை மட்டும் நின்றது. கட்டியில் இல்லை, தெளிந்த நீரிலிருந்து வந்த பட்டை. லிட்டருக்கு 4 மில்லிகிராம். பிறகு நடந்த வினைச் சோதனையில் அது தன் இலக்குப் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றியது.

உங்கள் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலி மனித செல்லில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்றால் இந்த வழி பொருந்தாது. பூச்சி செல் அதைச் சுருக்கமாக, மேனோஸ் என்ற சர்க்கரையோடு நிறுத்திவிடும். எனக்கு அது தேவைப்படவில்லை. பல தடுப்பூசிகளுக்கும் இது தடையாக இருக்கவில்லை. கோவோவேக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசியில் உள்ள ஸ்பைக் புரதம் இந்தப் படைப்புழு செல்லில்தான் உருவாகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம், எதிர் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பி2 வைரஸை அலுமினியத் தாள் சுற்றி வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் வைத்திருக்கிறேன். இரண்டாவது புரதத்துக்கான பாக்மிட் தட்டு நேற்று ராத்திரி இன்குபேட்டருக்குள் போயிருக்கிறது. காலையில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. நாளை ராத்திரிதான் திறப்பேன்.