நிறுவுவது இருக்கட்டும், எப்படிக் கழற்றுவீர்கள்?

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்த மென்பொருளை எப்படி இன்ஸ்டால் செய்வது? ஆறு மாதம் கழித்து இதை எப்படி எடுப்பது, நடுவில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதை யார் கொண்டுவந்து தருவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. டெபியனோ உபுண்டுவோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) தன் களஞ்சியத்தில், அதாவது தன் மென்பொருள் கிடங்கில், வைத்திருக்கும் பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள்) என்றால் ஏபிடி என்ற கருவி பார்த்துக்கொள்ளும், நாம் நிம்மதியாக இருக்கலாம். தலைவலி எல்லாம் வெளிச்சரக்கில்தான்.

மூலநிரலை இறக்கி, மேக் இன்ஸ்டால் என்ற கட்டளையைக் கொடுப்பது இருப்பதிலேயே பழைய வழி. அது கோப்புகளை யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் இறைத்துவிட்டுப் போய்விடும், பொதிகளை நிறுவிக் கணக்கு வைக்கும் டிபிகேஜிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்றை எழுதி வைத்திருந்தால் நம் அதிர்ஷ்டம், ஆனால் அதற்கும் கட்டமைத்த அடைவை அப்படியே வைத்திருக்க வேண்டும், யார் வைத்திருக்கிறார்கள்? இதில் இன்னொரு வம்பு, டெபியனில் யூஎஸ்ஆர் லோக்கலில் இருக்கும் நூலகங்களைத்தான் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்துண்டுகள்) அவற்றை ஏற்றித் தரும் லோடர் முதலில் எடுக்கும். எப்போதோ நிறுவிய பழைய நூலகம் ஒன்று அங்கே கிடந்தால், சிஸ்டம் தன் நூலகத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் நிரல்கள் அந்தப் பழையதையே பிடித்துத் தொங்கும். கர்ல் என்ற கருவி கொண்டு ஒரு ஸ்கிரிப்டை இறக்கி அப்படியே சூடோ பாஷுக்குள் குழாய் வைக்க, அதாவது படிக்காமலேயே முழு அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் தளங்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, டெப் கோப்பு (டெபியன் வகைப் பொதி) கொடுத்துவிட்டார்கள், அப்போது பிரச்சினை இல்லையா என்றால், பாதிதான் இல்லை. டெப் என்பது ஏஆர் என்கிற பழங்காலக் காப்பக வடிவம்தான், உள்ளே மூன்று உருப்படிகள் இருக்கும்: வடிவப் பதிப்பு எண்ணைச் சொல்லும் ஒரு குட்டிக் கோப்பு, கன்ட்ரோல் டார், டேட்டா டார் (டார் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது). டேட்டாவில் இருப்பதுதான் வட்டில் போய் உட்காரும். கன்ட்ரோலில் பொதியின் பெயர், பதிப்பு, சார்புகளோடு (அது ஓடத் தேவைப்படும் மற்ற பொதிகள்) சில ஸ்கிரிப்டுகளும் இருக்கலாம். பிரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட், பிரீஆர்எம், போஸ்ட்ஆர்எம் என்று நான்கு வகை (முறையே நிறுவும் முன், நிறுவிய பின், கழற்றும் முன், கழற்றிய பின்), நான்கும் ரூட்டாக, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். ஆக, தெரியாதவர் தந்த டெப் கோப்பை நிறுவுவதும் அவரை ரூட்டாக உட்கார வைப்பதும் ஒன்றுதான். டிபிகேஜி-டெப் நிரலுக்கு இன்ஃபோ, கன்டென்ட்ஸ், கன்ட்ரோல் என்று விருப்பங்கள் உண்டு, நிறுவாமலேயே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். போஸ்ட்இன்ஸ்டை மட்டுமாவது படித்துவிடுங்கள், பாதி நேரம் இருபது வரிகூட இருக்காது.

அந்த ஸ்கிரிப்டுகள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். குரோம் உலாவியின் டெப்பை நிறுவினால் கூகுளின் களஞ்சியமும் உங்கள் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். புதுப்பிப்பு தானாக வர வேண்டுமென்றால் அது வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். 2021-ல் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பலகையின் ஓஎஸ்ஸில் நடந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. வழக்கமான ஒரு சிஸ்டம் பொதியின் புதுப்பிப்போடு மைக்ரோசாஃப்டின் களஞ்சியமும் அதன் சாவியும் (பொதிகளின் மின் கையெழுத்தைச் சரிபார்ப்பது) எல்லோருடைய பலகையிலும் போய் உட்கார்ந்தன, அந்த நிறுவனத்தின் விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் செயலியைக் கேட்டவர், கேட்காதவர் என்ற பேதமே இல்லாமல். கேட்காமல் செய்ததுதான் பயனர்களைக் கோபப்படுத்தியது.

களஞ்சியத்தைச் சேர்ப்பது என்றால் சாவியைச் சேர்ப்பது. ஏபிடி-கீ என்ற பழைய கட்டளை சாவியைப் பொதுக் கொத்தில் போட்டுவிடும், அதாவது ஒரு விளையாட்டு நிறுவனத்தின் சாவியால் கையெழுத்திட்ட எதையும் உங்கள் சிஸ்டம் டெபியனே கொடுத்தது போல ஏற்றுக்கொள்ளும். டெபியன் 13-ல் அந்தக் கட்டளையே இல்லை, நல்லதாகப் போயிற்று. இணையத்தில் கிடைக்கும் பழைய நிறுவல் குறிப்புகள் மட்டும் இன்னமும் அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன. இப்போது ஈடிசி ஏபிடி கீரிங்ஸ் அடைவில் சாவியை வைத்து, களஞ்சிய வரியில் சைன்டு-பை என்று அந்தச் சாவியைக் குறிப்பிட வேண்டும், அப்போது அந்தச் சாவி அந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லும்.

இதோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்தக் களஞ்சியம் நாளைக்கு லிப்சி6 (ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் தேவையான அடிப்படை நூலகம்) என்ற பெயரில் பெரிய பதிப்பு எண்ணோடு ஒரு பொதியை வைத்தால், ஏபிடி சந்தோஷமாக அதை எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் எல்லாக் களஞ்சியங்களுக்கும் இயல்பான முன்னுரிமை 500. ஏபிடியின் பிரிஃபரன்சஸ் கோப்பில் அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் முன்னுரிமை 100 என்று குறித்து வைத்தால் போதும். அவர்களிடம் மட்டுமே இருக்கிற பொதி வழக்கம்போல நிறுவப்படும், புதுப்பிக்கப்படும், டெபியனிலும் இருக்கிற பொதி டெபியனிலிருந்தே வரும். மூன்று வரி வேலை, ஆனால் எந்த நிறுவனத்தின் நிறுவல் பக்கத்திலும் இதை நான் பார்த்ததில்லை. போஸ்ட்இன்ஸ்ட் விஷயத்தில் இது காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சார்புகள். 32-பிட் கணினிகளில் 2038-ல் நேரக்கணக்கு உடையாமல் இருக்க, நேரத்தைச் சேமிக்கும் டைம்-டி என்ற தரவு வகையை 64 பிட்டுக்கு மாற்றினார்கள், அதற்காக நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயருக்குப் பின்னால் டி64 என்று ஒட்டு சேர்ந்தது. உபுண்டு 24.04-லும் டெபியன் 13-லும் இப்படித்தான். ஒலிக்கான நூலகமான லிபஅசவுண்ட்2 இப்போது லிபஅசவுண்ட்2டி64. பழைய பெயரையும் புதுப் பொதி தாங்கிக்கொள்வதால் பல டெப்கள் தப்பித்தன, ஆனால் லிபஅசவுண்ட்2-ஐ நேராக நிறுவச் சொன்னால் இது மெய்நிகர் பொதி (வெறும் பெயர்தான்), இரண்டு பொதிகள் இதைத் தருகின்றன, ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏபிடி நிறுத்திவிடும். பழைய குறிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் அங்கேயே முழிப்பார்.

எங்கள் வீட்டுப் பிரிண்டருக்கு அதைச் செய்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) கொடுத்தது ஒரு டார் கோப்பும், அதற்குள் ஒரு ஸ்கிரிப்டும். ஸ்கிரிப்ட் கோப்புகளை ஆறேழு இடங்களில் நகலெடுக்கும், கழற்ற வழி கிடையாது, உள்ளே இருக்கும் வடிகட்டி நிரலோ (அச்சிட வேண்டியதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றுவது) 32-பிட். அதை ஓட்டவே இல்லை, படித்துப் பார்த்து நானே ஒரு டெப் செய்துகொண்டேன். கேட்பதற்குத்தான் பெரிய காரியம். ஓர் அடைவுக்குள் கோப்புகள் கடைசியில் எங்கே போக வேண்டுமோ அதே மரத்தை உருவாக்கி, பக்கத்தில் டெபியன் என்று பெரிய எழுத்தில் ஓர் அடைவு போட்டு, அதில் கன்ட்ரோல் கோப்பை வைக்க வேண்டும். பொதியின் பெயர், பதிப்பு, கட்டமைப்பு (எந்த வகைக் கணினிக்கானது என்பது), பராமரிப்பாளர், விளக்கம், சார்புகள், அவ்வளவுதான். கட்டமைப்புக்கு 32-பிட்டைக் குறிக்கும் ஐ386 என்று போட்டேன், ஏபிடி 32-பிட் லிப்சியைத் தானே இழுத்து வந்தது, டிபிகேஜியில் அந்தக் கட்டமைப்பை முதலில் சேர்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எந்த நூலகம் தேவை என்பதை எல்டிடி என்ற கட்டளை சொல்லும், அந்த நூலகம் எந்தப் பொதியில் இருக்கிறது என்பதை டிபிகேஜி சொல்லும். கடைசியில் டிபிகேஜி-டெப் பில்டு, கூடவே ரூட்-ஓனர்-குரூப் விருப்பம், இல்லாவிட்டால் கோப்புகள் எல்லாம் உங்கள் பயனர் கணக்கின் பேரிலேயே போய் நிறுவப்படும்.

பதிப்பு எண்ணில் ஒரு சின்ன வித்தை உண்டு. இறுதியில் அலைக்குறி போட்டு ஏதாவது சேர்த்தால், டிபிகேஜி கணக்கில் அது அந்த எண்ணைவிடச் சிறியது. 2.4-1~1 என்பது 2.4-1-க்கு முந்தையது. அதிகாரபூர்வப் பொதி அதே பெயரில் என்றைக்காவது வந்தால் அதுவே நம்முடையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பிரிண்டர் விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, இருந்தாலும் போட்டு வைத்திருக்கிறேன்.

பைத்தான் நிரல்கள் என்றால் பிப்எக்ஸ் என்ற நிறுவும் கருவி, டெபியன் 12 முதல் வெறும் பிப் (பைத்தானின் வழக்கமான நிறுவும் கருவி) கொண்டு சிஸ்டத்தில் நிறுவ விடமாட்டார்கள். பெரிய வரைகலைச் செயலிகளுக்கு ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதிமுறை எனக்குப் பிடிக்கும், இடத்தை விழுங்கினாலும் ரூட்டாக ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் அங்கே கிடையாது. பிரிண்டர் இயக்கிக்கு அது ஆகாது.

டெபியனை அடுத்த பதிப்புக்கு மாற்றும் முன் நான் செய்வது, ஏபிடி லிஸ்ட் கட்டளையோடு மேற்கோளுக்குள் ~ஓ (ஆங்கிலச் சின்ன எழுத்து ஓ) கொடுப்பது. எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத, ஆனால் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் பொதிகள் எல்லாம் வரிசையாக வரும். நானே செய்த பிரிண்டர் பொதியும் அதில் இருக்கும், அதை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழற்றுவேன்.