ஆடிங்டன் கிணறு: குரோய்டன் நாட்குறிப்பு

4 மார்ச் 2024, திங்கள்

சித்தியின் மகன் குடிநீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவன், சட்டைப்பையிலிருந்து தன் படம் ஒட்டிய நீல நிற அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். அந்த அட்டை இல்லாதவரைக் குடிநீர் ஓடும் எந்த இடத்திலும் கை வைக்க விடமாட்டார்களாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமாம். பயிற்சி வகுப்பில் முதலில் கேட்ட கேள்விகள் நோய்களைப் பற்றியவை என்றான். பிறகு வகுப்பெடுத்தவர், இந்த அட்டை ஏன் வந்தது என்பதை விளக்க 1937ஆம் ஆண்டுக் கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். "அக்கா, அது நீங்கள் இருக்கிற ஊரில் நடந்த கதைதானே, உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டான். பதினெட்டு ஆண்டுகளாகத் தெற்கு லண்டனின் குரோய்டனில் இருக்கிறேன், தெரியாது.

அவன் போன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எட்டு வயதில் அவனுக்கு நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டு) வந்து, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதை அந்த அட்டைக்கான படிவத்தில் எழுதினானா என்று நான் கேட்கவில்லை.

7 மார்ச், வியாழன்

மூன்று மாலைகளாக வாசித்ததில் கதை ஓரளவு பிடிபட்டுவிட்டது. 1937ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், குரோய்டன் நகராட்சிக்குச் சொந்தமான ஆடிங்டன் கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கிப் பழுதுபார்த்தார்கள். அது நம் வீட்டுக் கிணறு போன்றதல்ல. சுண்ணப் பாறையை ஆழமாகக் குடைந்து, அடியில் பக்கவாட்டாகச் சுரங்கங்கள் வெட்டி நீர் சேகரிக்கும் அமைப்பு. வேலை நடந்த வாரங்களிலேயே அந்தக் கிணற்று நீர் சில வேளைகளில் ஊருக்கு அனுப்பப்பட்டது. அதே காலத்தில் வடிகட்டுவதும் குளோரின் கலப்பதும் நிறுத்தப்பட்டிருந்தன. இறங்கிய ஆட்களில் ஒருவர், முன்பு எப்போதோ நெருப்புக்காய்ச்சல் வந்து குணமாகி, தனக்கே தெரியாமல் கிருமியை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்.

இந்தக் காய்ச்சல் உடனே காட்டிக்கொடுப்பதில்லை. தண்ணீரைக் குடித்தவர் படுக்கையில் விழ ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். அக்டோபர் கடைசியில் தெற்குக் குரோய்டனின் மருத்துவர்கள் ஒருவர்பின் ஒருவராக நோயாளிகளைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, காரணமான தண்ணீர் எப்போதோ சாக்கடையில் போய்ச் சேர்ந்திருந்தது. நவம்பர் தொடக்கத்தில் கிணற்றை மூடினார்கள். நோயுற்றவர் 341 பேர். இறந்தவர் 43 பேர். எட்டில் ஒருவர். அந்த நோய்க்கு வேலை செய்யும் முதல் மருந்தான குளோரம்பெனிக்கோல் வர இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. அதுவரை தாதியரின் கவனிப்புத்தான் மருந்து: கஞ்சி, ஈரத்துணி, அசையாத படுக்கை, வாரக்கணக்கான காத்திருப்பு.

9 மார்ச், சனி

குரோய்டன் அன்று லண்டனைச் சேர்ந்ததல்ல. சரே மாவட்டத்துக்குள் இருந்தாலும் மாவட்டத்துக்குக் கட்டுப்படாத, 1889 முதல் தன்னைத்தானே ஆண்டுவந்த தனி நகராட்சி அது. 1965இல்தான் லண்டனோடு சேர்ந்தது. தண்ணீர், சாக்கடை, சுகாதாரம் எல்லாம் ஒரே நகரசபையின் கையில் இருந்தன. பொறியாளர் கிணறுகளைப் பார்த்துக்கொண்டார். சுகாதார வைத்திய அதிகாரி நோய்களைப் பார்த்துக்கொண்டார். ஒரே அதிகாரத்தின் கீழ் எல்லாம் இருந்தால் குழப்பம் வராது என்று நான் இதுவரை நம்பிவந்தேன்.

அந்த அதிகாரியின் பதவிப் பெயரை ஆங்கிலத்தில் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எம்.ஓ.எச்.! ஊரில் அம்மா நாள்தோறும் சொல்லும் சொல். இங்கிலாந்தில் 1974இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்; இலங்கையிலோ எம்.ஓ.எச். பணிமனையும் அதன் கீழ் வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யும் இன்றும் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்து கொடுத்த சட்டையை அவர்கள் கழற்றிவிட்ட பின்பும் நாம் தோய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம், நல்ல சட்டைதான்.

10 மார்ச், ஞாயிறு

டிராமில் ஆடிங்டன் போனேன். ஊர் நடுவே தீக்கல் பதித்த சுவர்களோடு பழைய தேவாலயம். கேண்டர்பரி பேராயர்கள் ஐவரின் உடல்கள் அங்கேதான் இருக்கின்றன. வயலோரம் சேற்றில் வெள்ளைக் கட்டி ஒன்று கிடந்தது. எடுத்து நகத்தால் கீறினால் பள்ளிக்கூட வெண்கட்டி போலவே மாவு ஒட்டியது. மழைநீர் இதன் வழியாகத்தான் மெல்ல இறங்குகிறது. அப்படி இறங்கிய நீர் கண்ணாடி போலத் தெளிந்து, குளிர்ந்து, ருசியாக இருக்கும். அதுதான் ஆபத்தும். பாறையே வடிகட்டித் தருகிறது என்ற நம்பிக்கை இந்த ஊரில் ஊறிப்போயிருந்தது. ஆனால் பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் நீர் வடிவதில்லை, ஓடுகிறது. மனிதன் கிணற்றுக்குள்ளேயே நிற்கும்போதோ வடிகட்டப் பாறையே இல்லை.

திரும்பும்போது அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். நம் ஊரும் சுண்ணக்கல் மீது உட்கார்ந்திருக்கிற ஊர்தான். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி என்று பி.எச்.ஐ. அளந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. மாரி வெள்ளத்துக்குப் பிறகு அவர் வந்து கிணற்றில் குளோரின் தூள் போட்டால், தேத்தண்ணி மருந்து மணக்கிறது என்று அப்பா இரண்டு நாள் முணுமுணுப்பார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கட தண்ணியும் தெளிவாத்தானே பிள்ளை இருந்தது" என்றார்.

14 மார்ச், வியாழன்

இன்று முழுவதும் விசாரணை அறிக்கையைப் பற்றிய வாசிப்பு. நகரத்தார் கொதித்தெழுந்த பின், சுகாதார அமைச்சு எச்.எல். மர்பி என்ற வழக்கறிஞரை அமர்த்தி விசாரிக்கச் செய்தது. 1938 பிப்ரவரியில் அவர் அறிக்கை வந்தது. கிணற்றில் வேலை நடந்தது, வேலையாட்களில் ஒருவர் கிருமி சுமந்தவர், வடிகட்டலும் குளோரினும் இல்லாமல் நீர் ஊருக்குப் போனது. இந்த மூன்றும் ஒரே வேளையில் கூடியதே காரணம் என்பது அவர் முடிவு.

நான் நின்று நின்று வாசித்தது வேறோர் இடம். கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கியிருப்பதைப் பொறியாளர் பக்கம் சுகாதார அதிகாரிக்குச் சொல்லவில்லை. ஊரின் நீருக்குக் குளோரின் கலக்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்த அதிகாரிக்கு, அந்தக் கிணற்றில் அது நின்றுபோனது தெரியாது. ஒரே நகராட்சியின் சம்பளம் வாங்கியவர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால் போதும். பொறுப்பாளர்களுக்கிடையே இருந்த தவறான புரிதலையும் தகவல் பரிமாற்றக் குறையையும் மர்பி நிதானமாகவே சுட்டிக்காட்டுகிறார். எனக்கு அந்த நிதானம் வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை, ஒவ்வொருவரும் தத்தம் மேசையைச் சரியாகவே பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் மிகவும் வயிற்றைக் கலக்குகிறது. அறிவு இல்லாத காலமும் அல்ல அது. லிங்கன் நகரில் 1905இலேயே காய்ச்சலை அடக்கக் குளோரின் கலந்திருக்கிறார்கள். பக்கத்து லண்டன் 1916 முதல் தேம்ஸ் நீரில் கலந்துவந்தது.

கிருமி சுமந்த அந்தத் தொழிலாளியை ஆவணங்கள் பெயரிட்டுக் காட்டவில்லை. ஓர் எழுத்தால் மட்டுமே குறிக்கின்றன. அது நல்லது. அந்தக் கிருமி ஒளிந்து தங்கும் இடமான தன் பித்தப்பையில் என்ன இருக்கிறது என்று எந்த மனிதனுக்குத் தெரியும்? கிணற்றில் இறங்குமுன் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

17 மார்ச், ஞாயிறு

வழக்கும் நடந்திருக்கிறது. நோயுற்ற ஒரு பெண்ணும் அவள் தந்தையும் நகராட்சி மீது வழக்குத் தொடுத்து 1938இல் வென்றார்கள். தூய்மையான, உடலுக்கு ஏற்ற நீரைத் தரவேண்டும் என்று 1847ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் கிடந்த சொற்கள் தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு ஒரு வீட்டுக்குப் பயன்பட்டன. அதன்பின் நீர்நிலையங்களில் வேலை செய்வோரைச் சோதிப்பதும் இடைவிடாமல் குளோரின் கலப்பதும் நாடெங்கும் பரவின. போர் வந்து குண்டுகள் குழாய்களை உடைக்கத் தொடங்கியதும் குளோரினை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போயிற்று.

மாலையில் தம்பிக்கு அழைத்து, இரண்டு வாரமாக அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். எழுதினானாம். எட்டு வயது, யாழ்ப்பாணம், நெருப்புக்காய்ச்சல், எல்லாவற்றையும் எழுதினானாம். அதனால்தான் கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அட்டை கிடைத்தும் அவனுக்கு மட்டும் தாமதமானது. மலப் பரிசோதனைக்குச் சின்னப் போத்தல்கள் கொடுத்தார்கள், முடிவு வரும்வரை களஞ்சியத்தில் சாமான் எண்ணும் வேலைதான். "வெட்கமாக இருந்தது அக்கா, ஆனால் எழுதாமல் விட மனம் வரவில்லை" என்றான். முடிவில் ஒன்றும் இல்லை. இன்று இரவு வேலை, தெரு நடுவே உடைந்த குழாய், விடியும்வரை நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.