அப்பாரோட ரெட்டக்குழலும் என்ற எடது கண்ணும்

மொதல்லயே சொல்லிடறனுங்க, இது வேட்டைக் கதை இல்ல. எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, உடுமலை பக்கம் கவுதாரி, காடையெல்லாம் சுட்ட ஆளு, 1968ல வாங்குன பன்னெண்டு போர் (போருங்கறது குழல் அளவு) ரெட்டக்குழல் துப்பாக்கி இன்னும் ஊட்டுல இருக்குது. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்து, அப்புறம் 1991 திருத்தத்தோட பறவை வேட்டைக்கு பர்மிட்டுங்கற பேச்சே போயிருச்சு. இப்ப நம்மூர்ல பறக்கறதச் சுடோணும்னா ட்ராப் ஷூட்டிங் தான், மெஷின் தூக்கி எறியற 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு. பேரு தான் களிமண் தட்டு, உள்ள இருக்கறது தாரும் சுண்ணாம்புக்கல் தூளும். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப் சுட்டப்ப தான் எனக்கு கிறுக்கு புடிச்சுது. அந்த வருஷ எலக்ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்ச துப்பாக்கி அப்பத்தான் திரும்பி வந்திருந்துச்சு, குழல் மேல செம்மண் கலர்ல துரு, அப்பாரு அதத் தேங்காண்ணெய் போட்டுத் தொடைச்சுகிட்டே திட்டுன திட்ட இங்க எழுத முடியாது.

லைசென்ஸ் கதைய சுருக்கமா சொல்றேன். வெச்சிருக்கறவருக்கு 70 வயசு ஆயிட்டா, இல்ல 25 வருஷம் வெச்சிருந்தா, வாரிசு பேருக்கு மாத்திக்க 2016 ஆயுத ரூல்ஸ்ல வழி இருக்குது. விண்ணப்பம், டாக்டர் சர்டிபிகேட், பாதுகாப்பா கையாளப் பயிற்சி எடுத்த சர்டிபிகேட், மத்த வாரிசுக ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து, போலீஸ் விசாரணை. இதுல ரெண்டு இடத்துல மாட்டுனேன். ஒண்ணு, அப்பாரோட பழைய ஃபைலு கோயம்புத்தூர் ஜில்லா காலத்துது, நாங்க 2009ல இருந்து திருப்பூர் மாவட்டம், ரெண்டு கலெக்டர் ஆபீசுக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சது தான் மிச்சம். இன்னொண்ணு எங்க பெரிய அத்தை, "துப்பாக்கிய உனக்குக் குடுத்துட்டு தோட்டத்தையும் சேத்து எழுதிக்குவீங்களா"ன்னு கேட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு தான் கையெழுத்துப் போட்டாங்க.

ஊருக்குள்ள பாதிப் பேரு மயிலச் சுடத்தான் வாங்கறேன்னு நெனச்சுட்டாங்க. தக்காளியும் மக்காச்சோளமும் போகுதுன்னு வயித்தெரிச்சல் எனக்கும் இருக்குது, ஆனா அத தொட்டா உள்ள போக வேண்டியது தான்.

எல்லாம் முடிஞ்சு அப்பாரு துப்பாக்கியோட ஒரு கிளப்புக்கு போனேன். அங்க கோச் அண்ணா குழல மடிச்சுப் பாத்துட்டு, நான் வாங்கி வெச்சிருந்த தோட்டா டப்பாவையும் பாத்துட்டு டக்குன்னு மூடிட்டாரு. "தம்பி, தோட்டா உக்கார்ற அறை இதுல 65 மில்லிமீட்டர். உங்க தோட்டா 70. இதச் சுடாதீங்க"ன்னாரு. போட்டுப் பாத்தேனே, கச்சிதமா உக்காந்துச்சேங்கண்ணான்னேன். அது தான் ஆபத்தாமுங்க. 70ங்கறது சுட்டப்புறம் வாய் விரிஞ்ச நீளம், சுடறதுக்கு முன்னாடி வாய் மடிஞ்சு குட்டையா இருக்கறதால உள்ள போயிரும், வெடிக்கறப்ப விரிய இடமில்லாம குழல நெருக்கும், பிரஷர் எகிறிடும். பழைய துப்பாக்கி வாரிசா வந்திருக்கறவங்க யாரா இருந்தாலும் இத மட்டுமாச்சும் மொதல்ல பாருங்க.

அன்னைக்கு கிளப் துப்பாக்கில தான் சுட்டேன். 25 தட்டுக்கு 3. அந்த மூணும் தட்டு என்ற மேல பாவப்பட்டு ஒடஞ்சதுன்னு நெனைக்கறேன். அண்ணா ஒண்ணும் சொல்லாம, ரெண்டு கையையும் நீட்டி வெரலுக்கு நடுவுல சின்ன ஓட்டை வெச்சு தூரத்துல ஒரு கரண்டு காத்தாடியப் பாக்கச் சொன்னாரு. ரெண்டு கண்ணும் தொறந்திருக்கறப்ப காத்தாடி ஓட்டைக்குள்ள. எடது கண்ண மூடுனேன், காத்தாடியக் காணோம்! வலத மூடுனேன், அப்படியே நிக்குது. எனக்கு சோத்துக்கை வலது, ஆனா குறி பாக்கற கண்ணு எடது. முப்பத்தி நாலு வருஷம் தெரியாம இருந்திருக்கேன்.

அப்புறம் தான் துப்பாக்கி தேடற வேலையே ஆரம்பிச்சுது. கண்ணு எடதுங்கறதால எடது தோள்ல வெச்சுப் பழகுங்கன்னுட்டாரு கோச் அண்ணா, அப்பாரு துப்பாக்கில தோளுக்குக் குடுக்கற கட்டையோ வலது தோளுக்காக லேசா ஒரு பக்கமா வளைச்சு வெச்சது, அதுவும் அவரு குட்டையான மனுசன், நான் புடிச்சா பெருவெரல் மூக்குல இடிக்குது. கடைக்காரரு "புதுசா சுடறவங்களுக்கு இதாங்க"ன்னு லேசான இருவது போர் ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. தூக்க சொகமாத் தான் இருந்துச்சு, ஆனா துப்பாக்கி லேசானா ஒதை ஜாஸ்தி. வெளிநாட்டுத் துப்பாக்கிய நம்மாட்டம் ஆளுக எறக்குமதி பண்ண முடியாது, பேர் எடுத்த ஷூட்டர்களுக்குத் தான் அந்தச் சலுகை, அதனால செகண்ட்ஹேண்ட் தான் கதி. மொத்தமே ரெண்டு துப்பாக்கி தான் வெச்சுக்கலாம், அதுல ஒண்ணு அப்பாரோடது, மிச்சம் இருக்கறது ஒரே இடம். தப்பா வாங்கிட்டா அவ்வளவு தான்.

நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு தானுங்க. கண்ண மூடிகிட்டு தோளுக்கு ஏத்தோணும், கன்னம் கட்டைல உக்காந்தப்புறம் தொறக்கோணும், குழல் நுனில இருக்கற குறி மணி நேரா தெரியோணும். கழுத்த வளைச்சு தேடற மாதிரி இருந்தா கீழ வெச்சிரு. நாலாவதா எடுத்த ஓவர் அண்டர் (ஒரு குழல் மேல, ஒரு குழல் கீழ) தான் அப்படி நின்னுச்சு, கன்னம் வெக்கற கட்டை ஏத்தி எறக்கற மாதிரி, சோக் (குழல் வாய நெருக்கற துண்டு) மாத்தற மாதிரி, மூணரைக் கிலோ, கட்டை எந்தப் பக்கமும் வளைக்காதது. வெலையச் சொன்னா ஊட்டுல சோறு கெடைக்காது, விடுங்க. மாடிஃபைட்டுங்கற நடுத்தர சோக், 24 கிராம் ஈயக்குண்டு தோட்டா, மூணாவது மாசம் 25க்கு 14.

போன வாரம் அப்பாரு கிட்ட அந்த காத்தாடி டெஸ்ட வெச்சேன். கைய நீட்டிப் பாத்தாரு, எடது கண்ண மூடுனாரு, முழிச்சாரு, திரும்பவும் மூடிப் பாத்தாரு. அவருக்கும் எடது தான்! திண்ணைல புளி குத்திகிட்டிருந்த ஆத்தா தலைய நிமித்தாமயே, "ஒரு நா கூட ரெண்டு கவுதாரிக்கு மேல ஊடு வந்து சேரல, நான் கொழம்புல பாதி உருளக்கெழங்கு போட்டு தான் ஒப்பேத்துனேன்"னுச்சு.