கொம்பைப் பிடிப்பது என்றால் சண்டையா?

பத்தாவது படிக்கும் என் தங்கச்சி மகள் போன வாரம் கேட்டாள்: "மாமா, 'டேக் த புல் பை த ஹார்ன்ஸ்'னா நேரா சண்டைக்குப் போறதுங்களா?"

'காளையைக் கொம்பைப் பிடி' என்று சொல்லும் ஆங்கில வழக்கு அது. அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. 'கொம்பு சீவி விடுறான்' என்றால் நம் ஊரில் சண்டை மூட்டி விடுவதுதானே. அதுவுமில்லாமல், மாட்டுக் கொம்பைப் பிடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. காங்கேயம் பக்கம் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை வைத்திருந்தார், அவர் கை போனது மூக்கணாங்கயிற்றுக்குத்தான். ஜல்லிக்கட்டிலும் திமிலைத்தான் பிடிக்க வேண்டும், கொம்பையோ வாலையோ தொட்டால் விதிப்படி தப்பு.

ஆங்கிலத்தில் சண்டைக்கு 'லாக் ஹார்ன்ஸ்' என்று வேறொன்று இருக்கிறது. இரண்டு கிடாய் கொம்போடு கொம்பு மாட்டி நிற்குமே, அப்படி இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் மோதுவது. இவள் கேட்டதில் காளை என்பது எதிராளி இல்லை, நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் சிக்கல். அதில் எந்த இடம் நமக்குப் பயமோ அங்கேயே கை வைப்பதுதான் கொம்பைப் பிடிப்பது.

எனக்கு இது புரிந்தது ஒரு பில்லில். திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்து ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன், ஒரு கம்பெனியில் நான்கு மாதமாகப் பணம் நின்றுபோனது. வாராவாரம் போவேன், மேனேஜர் டீ வாங்கிக் கொடுப்பார், நூல் விலை, மழை, கல்யாணம் எல்லாம் பேசிவிட்டு 'அடுத்த வாரம் பார்க்கலாங்க' என்பதோடு திரும்பி வருவேன். பணத்தைக் கேட்க எனக்குப் பயமில்லை. தைத்துக் கொடுத்த சரக்கில் இரண்டு லாட்டில் எங்கள் தையல் சரியில்லை என்பது எனக்குத் தெரியும், அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாதே என்றுதான் பயம். கடைசியில் ஒரு நாள் நேராக முதலாளியிடமே போய், "அண்ணா, அந்த ரெண்டு லாட்டுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கீங்களா? எவ்வளவு டெபிட் போடறீங்கன்னு சொல்லுங்க, கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க" என்றேன். யாரும் குரலை உயர்த்தவில்லை. பத்தே நிமிடம், கணக்கு முடிந்தது. கழித்தது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம், "கணக்கு டீச்சர்கிட்ட எனக்குப் போன மாசத்துல இருந்தே ஒண்ணும் புரியலைன்னு சொல்றதும் இதுதானுங்களா மாமா?" என்றாள்.

அதேதான் கண்ணு.