ஹால் சுவத்துக்கு ஒரு படம் தேடறவங்களுக்கு

சித்தி பொண்ணு புது ஃபிளாட்டுக்கு குடிபோறா, சோபாவுக்கு மேல மாட்ட நல்ல பிரிண்ட் ஒண்ணு சொல்லுக்கான்னு கேட்டா. போன்ல பேசிப்பேசி முடியல, அதனால இங்கயே எழுதிடறேன், வேற யாருக்காச்சும் கூட உதவும்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். அச்சடிக்கறதுக்குன்னே உருவான படத்தை வாங்குங்க. பெரிய ஆயில் பெயிண்டிங்கை போட்டோ எடுத்து பேப்பர்ல அடிச்சா பாதி போயிடும். வான்கோவோட நட்சத்திர இரவு எனக்கும் உயிர்தான், ஆனா அதுல பெயிண்ட் மேடும் பள்ளமுமா அப்பி நிக்குதே, அந்த அழகு பிரிண்ட்ல தட்டையாயிடுது. ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட பெரிய அலைக்கு அந்தப் பிரச்சனையே இல்ல. 1831 வாக்குல மரப்பலகையில செதுக்கி, மை தடவி, பிரதி பிரதியா அச்சுப்போட்டு வித்தது அது, அதுக்கு தனியா ஒரு ஒரிஜினல் பெயிண்டிங் எங்கயும் தொங்கல. அளவு எவ்ளோ தெரியுமா, சுமாரா 25க்கு 37 சென்டிமீட்டர், ஏ3 பேப்பரை விட சின்னது! அதைப் போய் சுவர் முழுக்க ஊதிப்பெருக்கி ஒட்டறாங்க, அந்த மெல்லிசு கோடெல்லாம் கயிறு கயிறா தெரியுது, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. நியூயார்க் மெட் மியூசியம் தன்கிட்ட இருக்கற பிரதியோட நல்ல ஸ்கேனை இலவசமாவே குடுக்குது, அதை இறக்கி ஏ3ல அடிச்சு அகலமா மவுண்ட் (படத்தைச் சுத்தி வெக்கற அட்டை) வெச்சு பிரேம் போட்டா போதும்.

சரி, நம்ம ஊர் படம்னா? ரவி வர்மாதான் முதல்ல ஞாபகம் வரும். அதுலயும் ரெண்டு வகை இருக்கு. திருவனந்தபுரத்துலயும் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலயும் இருக்கறது ஆயில் பெயிண்டிங். இன்னொண்ணு ஓலியோகிராஃப், அவரே 1894ல பம்பாய்ல பிரஸ் வெச்சு அச்சடிச்சது. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி கல்லு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா அதே எடத்துல சரியா உக்கார மாதிரி அச்சு, கடைசியில ஆயில் பெயிண்டிங் மாதிரி தெரிய வார்னிஷ். வீட்டு சுவர்ல மாட்டணும்னு மனசுல வெச்சே செஞ்சது, அதனால வீட்டுல அது அவ்ளோ இயல்பா உக்காருது. செட்டிநாட்டு வீடுகள்ல புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்காரம் பண்ணின பிரதி எல்லாம் இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

காரைக்குடி பழைய சாமான் கடைகள்ல இப்பவும் கிடைக்குது. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு லென்ஸ் எடுத்துட்டு போங்க. புள்ளியெல்லாம் ஒரே சீரா, சின்ன சின்ன பூ வட்டம் மாதிரி வரிசையா இருந்தா அது பின்னாடி வந்த ஆஃப்செட் அச்சு, டீத்தண்ணி தடவி பழசாக்கி இருப்பாங்க. கல்லச்சுல புள்ளி கையால வெச்சதுங்கறதால ஒழுங்கில்லாம கலைஞ்சு கிடக்கும்.

ஓலியோகிராஃப் விலை கட்டுப்படியாகலன்னா கோவில்பட்டி கொண்டையராஜு படங்களைத் தேடுங்க. நாடகத்துக்கு திரைச்சீலை வரைஞ்சுட்டு இருந்தவர், அப்புறம் சிவகாசி காலண்டர்களுக்கு அவர் வரைஞ்ச சாமி படங்கள் தமிழ்நாட்டுல போகாத வீடே கிடையாதுன்னு சொல்லலாம். காலண்டர் படம்னு ஒதுக்கறாங்களே, எனக்கு அதுல சம்மதமே இல்ல, மீனாட்சி கல்யாணத்துல அந்த அம்மன் வெக்கப்பட்டு தலை குனிஞ்சு நிக்கறதை பத்து நிமிஷம் பாத்துட்டு சொல்லுங்க. ஒரு விஷயம், ரவி வர்மா 1906ல போயிட்டார், காப்புரிமை எப்பவோ தீர்ந்துடுச்சு. கொண்டையராஜு காலமானது 1976, இன்னும் 60 வருஷம் ஆகல, அதுவரைக்கும் காப்புரிமை இருக்கும், அதனால நெட்ல எடுத்து அடிக்காதீங்க, பழைய காலண்டர் பிரதியா தேடி வாங்குங்க.

நீங்களே ஃபைல் குடுத்து அடிக்கறதா இருந்தா பிக்ஸல் பாத்துக்கோங்க. ஒரு இன்ச்சுக்கு 300 வேணும், அதாவது 12க்கு 16 இன்ச் படத்துக்கு 3600க்கு 4800. வாட்ஸப்ல வந்த படம் எல்லாம் இதுக்கு ஆகாது. பிக்மென்ட் இங்க்கான்னு கேளுங்க, டை இங்க்னா வெயில் படற சுவர்ல சீக்கிரம் வெளுத்துடும். மேட் பேப்பர், ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு. பளபளன்னு லாமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், எதிர்ல இருக்கற ஜன்னலும் ட்யூப்லைட்டும்தான் தெரியும், படம் தெரியாது.

சோபா பெருசு, படம் சின்னதுன்னு பயப்படாதீங்க. ஒரு அடி படத்துக்கு சுத்தி நாலு இன்ச் வெள்ளை மவுண்ட் விட்டா தூரத்துலேர்ந்தே கண்ணை இழுக்கும், அப்படியும் சுவர் காலியா தெரிஞ்சா பக்கத்துல அதே அளவுல இன்னொண்ணு மாட்டிக்கலாம். படத்தோட நடுப்பகுதி தரையிலேர்ந்து சுமாரா 145 சென்டிமீட்டர்ல வரட்டும், நம்ம வீடுகள்ல சாமி படம் பழக்கத்துல எல்லாத்தையும் அண்ணாந்து பாக்கற உயரத்துல மாட்டிடறோம். சென்னை மாதிரி கடலோர ஊர்னா பிரேமுக்கு பின்னாடி கீழ் ரெண்டு மூலையிலயும் சின்னதா கார்க் துண்டு ஒட்டச் சொல்லுங்க, சுவத்துக்கும் பிரேமுக்கும் நடுவுல காத்து போகும், மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்காது. பாத்ரூம் குழாய் ஓடற சுவர்ல மட்டும் எந்தப் படமும் மாட்டாதீங்க.