இரவில் தவளையும் பாம்பும் தேடி 23 நடைகள்

எட்டு மாதத்தில் 23 இரவு நடை முடிந்திருக்கிறது. தவளை, தேரை, ஓணான், பல்லி, பாம்பு எது கண்ணில் பட்டாலும் சந்தோஷம்தான். பிடிப்பதில்லை, எடுத்து வருவதும் இல்லை. பார்ப்பது, முடிந்தால் படம் எடுப்பது, நோட்டில் குறிப்பது, அவ்வளவுதான். பாம்பைப் பார்த்தது மொத்தம் 5 தடவை.

முதல் ஆறு நடையில் இரண்டு தேரையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நான் வேகமாக நடந்தேன், டார்ச்சை இடுப்பளவில் பிடித்திருந்தேன். தவளையின் கண்ணில் பட்ட வெளிச்சம் வந்த வழியிலேயே திரும்பும், அதனால் விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த மினுக்கு நமக்குத் தெரியும். ஏழாவது நடைக்கு நெற்றியில் கட்டும் விளக்கோடு போனேன். புல்வெளி முழுக்க மின்னியது, கிட்டே போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சிலந்தி! ஆனாலும் அன்றைக்கு மட்டும் நாலு தவளை.

தவளையைக் கண்ணால் தேடுவதை விடக் காதால் தேடுவதே சுலபம் என்று இப்போது சொல்வேன். நாம் நெருங்கியதும் கச்சேரி சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்திலேயே விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம்கூட ஆகும், முதலில் தூரத்தில் ஒன்று தயங்கித் தயங்கிக் கத்தும், அப்புறம் காலடியிலேயே ஒன்று ஆரம்பிக்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரே இடத்தில் நின்று கண்டுபிடிப்பது கஷ்டம். கூட வந்த தம்பியிடம், "நீ அந்தப் பக்கம் போய் நில்லுடா, சத்தம் வர்ற திசையில கையை நீட்டு" என்றேன். நானும் நீட்டினேன். இரண்டு கையும் சந்திக்கிற இடத்தில், ஒரு கோரைப்புல்லின் அடியில், கட்டைவிரல் நுனி அளவு தவளை. அதன் தொண்டைப் பை தலையை விடப் பெரிதாக உப்பிக் கண்ணாடி மாதிரி மினுங்கியது, ஒவ்வொரு கத்தலுக்கும் உடம்பு மொத்தமும் அதிர்ந்தது. கத்துவது ஆண், பெண்ணைக் கூப்பிடத்தான்.

ஓணானுக்கும் இரவே நல்ல நேரம். பகலில் பத்தடியில் ஓடி மறைகிற அதே ஓணான், இரவில் மெல்லிய குச்சியின் நுனியில் படுத்துத் தூங்கும். பாம்பு ஏறி வந்தால் குச்சி ஆடும், உடனே விழித்துக்கொள்ளும். அதனால் கிளையைத் தொடக் கூடாது, பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

17ஆவது நடைதான் மறக்க முடியாதது. பாதையோரத்தில் கரும்பழுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு ஒரு பாம்பு. நெஞ்சு படபடத்தது. இரண்டு மீட்டர் தள்ளியே நின்று ஜூம் செய்து படம் எடுத்தேன். வளையங்கள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து வாலை நோக்கி மங்கின, அப்படியென்றால் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ், தலைக்குப் பக்கத்தில் வளையம் மங்கியோ இல்லாமலோ இருக்கும், வால் பக்கம் தெளிவாகும். முதுகு நடுவிலும் பெரிய அறுகோணச் செதில் வரிசை ஓடும். ஆனால் ஒவ்வொரு பாம்பும் கொஞ்சம் மாறும், இந்த அடையாளத்தை நம்பி யாரும் கிட்டே போய்விட வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது.

நான் செய்த ஒரு தவறையும் எழுதியாக வேண்டும். ஒன்பதாவது நடையில் ஒரே இரவில் இரண்டு குளத்துக்கு அதே சேறு படிந்த பூட்ஸோடு போனேன். கைட்ரிட் என்ற பூஞ்சை பற்றி அப்போது எனக்குத் தெரியாது. 1999இல் அறிவியல் பெயர் பெற்ற அந்தப் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கும். தோல் வழியாகவே நீரையும் உப்பையும் சமன் செய்கிற உயிரினம், அது கெட்டால் இதயமே நின்றுபோகும். உலகெங்கும் பல தவளை இனங்கள் இதனால் சரிந்திருக்கின்றன, சில அழிந்தே போயின. நம் பூட்ஸில் ஒட்டிய ஈரச் சேறே அதைச் சுமந்து போகப் போதும். இப்போது ஒரு இரவுக்கு ஒரு குளம்தான். வந்ததும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச் கரைசலில் நனைத்து, நன்றாகக் காயவைக்கிறேன். கொசு விரட்டும் களிம்பு தடவிய கையால் தவளையைத் தொடுவதும் அதற்குக் கெடுதல்.

கல்லைப் புரட்டுவதையும் குறைத்துவிட்டேன். அடியில் இருக்கும் ஈரம் ஒரு தடவை காய்ந்துவிட்டால் அங்கே குடியிருப்பது போய்விடும். புரட்டியே ஆக வேண்டுமென்றால் மறுபக்க விளிம்பைக் கொக்கியால் என் பக்கம் தூக்குவேன், கல் எனக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் நிற்கும், பிறகு அதே பள்ளத்தில் அப்படியே வைப்பேன்.

ஒன்றும் கிடைக்காத இரவையும் நோட்டில் எழுதுகிறேன், அதுதான் அதிகம் கற்றுத் தந்தது. என் குறிப்பில் காற்று பலமாக வீசிய ஆறு இரவும் கிட்டத்தட்ட வெறுமை. மழை விட்ட அன்றும் மறுநாளும்தான் நோட்டுப் பக்கம் நிரம்பியிருக்கிறது. படங்களை, உயிரினங்களைப் பார்த்த இடத்தோடு பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுகிறேன், பாம்பு என்றால் இடத்தை மறைத்துவிட்டுத்தான். பிடித்து விற்கிறவர்களும் அதைப் பார்க்கலாம் அல்லவா?

நேற்று 23ஆவது நடை. தண்ணீருக்கு மேலே சாய்ந்த கிளையில், முட்டையின் வெள்ளைக்கரு அடித்தது போல ஒரு நுரை உருண்டை. மரத்தவளை பின்னங்காலால் கடைந்து கட்டிய கூடு. வெளிப்பக்கம் காயத் தொடங்கியிருந்தது, உள்ளே முட்டைகள் ஈரமாக இருக்கும். தலைப்பிரட்டைகள் சில நாளில் நுரையிலிருந்து நழுவித் தண்ணீரில் சொட்டும். அதைப் பார்க்க நாளையிலிருந்து தினமும் அங்கே போகப் போகிறேன்.